நெபுலாவின் நடுவே இரு மங்கிய மீன்கள்

மார்கழி கழிந்து தை பிறந்து, வடகிழக்குப் பருவக்காற்றின் மேகங்கள் விலகி, வைகைக் கரைச் சமவெளியின் மேல் ஆகாயம் தெளிந்து விளங்கும் நாட்களில், இரவு பத்து மணி சுமாருக்கு மதுரையை அடுத்த பரவையில் எவர் வீட்டுக் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மூன்று நக்ஷத்திரங்கள் சம இடைவெளியுடன் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். மேனாட்டார் ஓரியன் என்று பெயரிட்டு ஒரு வேட்டைக்காரனாக உருவகித்த மண்டலத்தின் அரைக்கச்சை அது. நாம் திருவாதிரை என்று போற்றும் செம்மீன் அவ்வேட்டைக்காரனுடைய தோளிலும், மிருகசீரிடம் அவன் தலையிலும் அமைந்திருக்கின்றன. கச்சைக்குத் தெற்கே, அவன் இடையிலிருந்து தொங்கும் வாளாகக் கருதப்பட்ட சிறு வரிசையின் நடுவில் உள்ள ஒன்று மட்டும், கூர்ந்து பார்க்கப் பார்க்க, புள்ளியாக நில்லாமல் சிறிது கசிந்து பரவியதாகத் தோன்றும். அதுவே ஓரியன் நெபுலா. பிரெஞ்சு வானநூலார் சார்ல் மெஸியே 1769-ஆம் ஆண்டில் தம் அட்டவணையில் 42-ஆம் எண்ணிட்டுச் சேர்த்தமையால் எம் 42 என்றும் வழங்கப்படுவது. நம்மிடமிருந்து சுமார் 1,340 ஒளியாண்டுத் தொலைவில், இருபது ஒளியாண்டுக்கும் மேற்பட்ட அகலத்துக்கு விரிந்து கிடக்கும், வாயுவும் தூசியும் கலந்த ஒளிப்படலம்.

சாதாரணமான ஓர் ஆறங்குலத் தொலைநோக்கியை, அதாவது 150 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழியாடியைக் கொண்ட ஒன்றை, அதன்மேல் திருப்பினால், சாம்பல் கலந்த மெல்லிய பச்சை நிறத்தில் இருபுறமும் வளைந்து நீளும் ஒரு வெளிச்சமும், அந்த வெளிச்சத்தின் மிகப் பிரகாசமான பகுதியில், கருமையான ஒரு விரிகுடா உள்ளே புகும் இடத்துக்கு அருகில், நான்கு நக்ஷத்திரங்கள் கோணல் நாற்கரமாக நெருங்கி நிற்பதும் தெரியும். டிரபீஸியம் என்பது அந்த நால்வர் கூட்டத்தின் பெயர். மேற்கிலிருந்து கிழக்காக அவற்றை ஏ, பி, சி, டி என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றுள் சி என்பதே யாவற்றினும் பிரகாசம் மிக்கது. புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர் இந்நான்கையும் கண்டு மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியுடனேயே சனியையோ வியாழனையோ நாடிச் சென்றுவிடுவது இயல்பு. ஆயினும் அந்நாற்கரத்துக்குச் சற்று வெளியே, ஏ-க்கு வடக்கில் ஒட்டினாற்போல் ஒன்றும், சி-க்குத் தென்கிழக்கில் ஒட்டினாற்போல் ஒன்றுமாக, ஈ என்றும் எஃப் என்றும் பெயர்பெற்ற இரண்டு மங்கிய நக்ஷத்திரங்கள் உண்டு; வீட்டுக் கொல்லையில் வைத்த கருவியையும், அதைப் பயன்படுத்துபவரின் பொறுமையையும், அன்றைய இரவின் காற்றையும் ஒருசேரப் பரீக்ஷிக்க இவற்றைவிடச் சிறந்த பொருள் நம் வானத்தில் வேறில்லை என்பது என் துணிபு.

இவை எவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தப்பக்கூடியவை என்பதை இவற்றின் சரித்திரமே காட்டுகிறது. கலிலியோ 1617-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்விடத்தை நோக்கி மூன்று நக்ஷத்திரங்களைக் குறித்து வரைந்துவைத்தார். 1610-லேயே பிரான்ஸ் தேசத்துப் பேரேஸ்க் கண்டிருந்த நெபுலாவை, அவ்வளவு கூரிய பார்வையுடைய கலிலியோ ஏனோ குறிப்பிடவே இல்லை. 1656-இல் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் நெபுலாவையும் அதனுள் மூன்று மீன்களையும் படம் வரைந்தார். நான்காவதை அவர் கண்டுகொண்டது 1684-இல்தான். அதற்கப்பால் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம், எத்தனையோ பேர், எத்தனையோ கருவிகளால், வானத்தில் வேறெந்த இடத்தையும்விட அதிகமாக அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். தம் காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய ஆடிகளைக் கடைந்து நிறுவிய வில்லியம் ஹெர்ஷல்கூட நால்வருக்கு மேல் ஒருவரைக் குறிப்பிடவில்லை. 1826-இல், பால்டிக் பிரதேசத்தின் டோர்பாட் நகரில், ஃப்ரான்ஹோஃபர் செய்தளித்த ஒன்பதரை அங்குல லென்ஸ் தொலைநோக்கியால் வானநூலார் ஸ்ட்ரூவே ஈ-யைக் கண்டார். 1830-இல் வில்லியம் ஹெர்ஷலின் குமாரர் ஜான் ஹெர்ஷல் எஃப்-ஐக் கண்டார். இன்று நான்கங்குலக் கருவியாலேயே, நல்ல இரவில், இவ்விரண்டையும் பார்க்க முடிகிறது என்றால், தந்தை ஹெர்ஷலுக்கு இவை அகப்படாமல் போனது ஒளி போதாமையால் என்று சொல்ல இடமில்லை. பின்னே எதனால் என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

நக்ஷத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் கையாளும் ஒளித்தர முறையை வகுத்தவர், நம் சென்னையிலேயே தம் வாழ்நாளின் ஏறத்தாழப் பாதியைக் கழித்து, இங்கேயே 1891-இல் காலமான நார்மன் பாக்ஸன் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். புராதன கிரேக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் மீன்களை ஆறு தரமாகப் பிரித்திருந்த வழக்கத்தைத் தள்ளிவிடாமல், ஐந்து தரங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சரியாக நூறு மடங்கு என்று கொண்டால் கணக்கும் வழக்கும் ஒத்துவரும் என்று அவர் 1856-இல் எடுத்துக்காட்டினார்; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். அவருக்குக் கீழே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, நவீன வானநூலில் பெயர் பொறித்த முதல் தமிழர்களுள் ஒருவரானார். பாக்ஸனின் அளவுகோலால் நம் நக்ஷத்திரங்களை அளந்தால், சி-யின் தரம் ஐந்தும் சொச்சமும்; எஃப்-இன் தரம் பத்தும் சொச்சமும். ஆகவே எஃப், தன் அண்டையில் நிற்கும் சி-யைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மங்கியது. ஈ-யும் ஏறக்குறைய எஃப்-ஐ ஒத்ததே. ஆனால் அதன் அண்டையில் உள்ள ஏ, சி-யைப்போல் அவ்வளவு கண்ணைப் பறிப்பதன்று. ஆதலால்தான் ஈ முதலிலும் எஃப் பின்னுமாக அகப்பட்டன; இன்றும் கொல்லையில் நின்று பார்ப்பவருக்கு அதே வரிசையில்தான் அகப்படுகின்றன.

பத்து, பதினோராம் தரத்து மீன் என்பது ஆறங்குல ஆடிக்குச் சிறிதும் கடினமானதன்று. இருண்ட வானத்தில் அந்த ஆடி பதின்மூன்றாம் தரம் வரைக்கும் காட்டும். மதுரை நகரின் விளக்கொளி தென்கிழக்கு ஆகாயத்தை வெளிறச் செய்துவிட்ட இக்காலத்திலும், திண்டுக்கல் சாலையில் லாரிகளின் விளக்கும் காய்கறிச் சந்தையின் விளக்கும் இரவெல்லாம் எரிகிற பரவையிலும், பதினோராம் தரத்து மீன் தனித்து நின்றால் அக்கருவியில் தயக்கமின்றித் தெரியும். தனித்து நில்லாமையே இங்குள்ள சங்கடம். ஏ-க்கும் ஈ-க்கும் இடையிலும், சி-க்கும் எஃப்-க்கும் இடையிலும் உள்ள தூரம் நான்கு விகலைக்குச் சற்று மேல். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. புழக்கத்தில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தி வைத்தால், அந்நாணயத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே நம் கண்ணில் படும் கோணமே அவ்விடைவெளி. நாணயத்தின் ஒரு விளிம்பில் ஒரு சுடரையும், மறு விளிம்பில் அதன் நூறில் ஒரு பங்கு ஒளியுள்ள பொறியையும் வைத்து, இரண்டையும் பிரித்துக் காணும் வேலை நமக்கு இடப்பட்டிருக்கிறது.

கருவியின் இயல்பை மட்டும் கருதினால் இதுவும் இயலாத காரியம் அன்று. ஒளி அலைவடிவானதாகையால், எவ்வளவு செவ்வையாகக் கடைந்த ஆடியும் நக்ஷத்திரத்தைப் புள்ளியாகக் காட்டாது. ஒரு சிறு வட்டமாகவும், அதைச் சுற்றி மெலிந்துகொண்டே போகும் வளையங்களாகவுமே காட்டும். ஆறங்குல ஆடியில் அவ்வட்டத்தின் ஆரம் ஒரு விகலைக்கும் குறைவு. நான்கு விகலைக்கு அப்பால் உள்ள எஃப், சி-யின் வட்டத்துக்கு வெளியே, அதன் முதல் வளையங்களையும் கடந்து, தாராளமாகவே நிற்கிறது. ஆனால் இந்தக் கணக்கு காற்றில்லாத வெளியில் செல்லும் கணக்கு. நாம் பார்ப்பதோ, சூடும் குளிரும் மாறிமாறிக் கலந்து, ஒவ்வொரு க்ஷணமும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கும் வாயுமண்டலத்தின் அடித்தளத்தில் நின்றுகொண்டு. அந்தச் சலனத்தால் நக்ஷத்திரத்தின் வட்டம் நடுங்கும், வீங்கும், சிதறும்; சாமானியமான இரவில் இரண்டு மூன்று விகலை அகலத்துக்குப் பொங்கிப் பரவும். சி-யின் ஒளி அவ்விதம் பரவி எஃப் இருக்கும் இடத்தையும் மூடிக்கொண்டால், நூறில் ஒரு பங்கு ஒளியுடைய அந்த மீன் அதில் அமிழ்ந்துபோவது தவிர வேறு கதி இல்லை. ஆக, இருளைத் தேடி அலைவதைக் காட்டிலும் அசைவற்ற காற்றைத் தேடிக் காத்திருப்பதே இவ்விரு மீன்களை நாடுபவர் செய்யவேண்டியது.

இந்தச் சமவெளியில் அசைவற்ற காற்றை எங்கே, எப்போது எதிர்பார்க்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டு மொட்டைமாடி, அஸ்தமனத்துக்குப் பின் நடுநிசி வரையிலும் அந்த உஷ்ணத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். வானம் விசாலமாகத் தெரிகிறது என்று அங்கே தொலைநோக்கியை ஏற்றிவைப்பவர், கருவியின் வாயிலேயே கானலை எழுப்பிக்கொள்கிறார். மண்தரையும் செடிகொடிகளும் உள்ள கொல்லையோ விரைவில் ஆறிவிடும். தகரக் கொட்டகை, சமையற்கட்டின் புகைபோக்கி, தெருவிலுள்ள தார்ச்சாலை ஆகியவற்றின் மேலாகப் பார்க்க நேராதபடி இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஓரியனோ நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே வருவதால், சுற்றிலும் வீடுகள் இருந்தாலும் அது பெரிய தடையாவதில்லை. தொலைநோக்கியின் ஆடியும் வீட்டுக்குள் இருந்த உஷ்ணத்தோடு வெளியே வருமாதலால், பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே அதை வெளியில் வைத்து ஆறவிட வேண்டும். இல்லையேல் குழாய்க்குள்ளேயே காற்று சுழன்று நக்ஷத்திரங்களைக் கலக்கும்.

இரவைத் தேர்வதிலும் ஒரு விசேஷம் உண்டு. விண்மீன்கள் பளீர் பளீரென்று கண்சிமிட்டி வானம் முழுதும் ஜொலிக்கும் இரவே நல்ல இரவு என்று புதியவர்கள் நம்புகிறார்கள்; அந்தச் சிமிட்டலே மேற்காற்றின் சலனத்துக்கு அடையாளம். அதற்கு மாறாக, தை மாதத்தில் காற்று முற்றிலும் ஓய்ந்து, வயல்களின் மேல் மெல்லிய பனிமூட்டம் படர்ந்து, சிறிய மீன்கள் பல மறைந்து, எஞ்சிய பெரிய மீன்கள் சிமிட்டாமல் நிலைத்து நிற்கும் இரவு ஒன்று வந்தால், வானம் மங்கல் என்று சலித்து உள்ளே போகாமல் உடனே தொலைநோக்கியை வெளியே எடுக்க வேண்டும். நெபுலாவின் வெளிப்புறச் சிறகுகள் அன்று தெரியமாட்டா; நடுவிலுள்ள ஆறு மீன்களும் தெரிய வாய்ப்புண்டு. நிலவைப் பற்றியும் இதையே சொல்லலாம். மார்கழித் திருவாதிரைத் திருநாளில் பூர்ணசந்திரன் அந்தத் திருவாதிரை மீனின் அருகிலேயே நிற்பதால், ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின இரவும் அன்றிரவும் நெபுலா வெளுத்துப் போய்விடுகிறது; அதை முழு விரிவில் காண விரும்புபவர் அடுத்த அமாவாசை வரை பொறுத்திருக்க வேண்டும். ஈ-யையும் எஃப்-ஐயும் காண விரும்புபவருக்கோ, காற்று மட்டும் ஒத்துழைத்தால், நிலவு அவ்வளவு பகையன்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பரவையில் பிறந்தவருக்கும் மதுரைச் சீமையில் வாழ்பவருக்கும் இயற்கை தந்திருக்கும் ஓர் அநுகூலம் இருக்கிறது. அதை நம்மவர் போதிய அளவு உணரவில்லை என்று எனக்குப் பல காலமாகவே வருத்தம் உண்டு. ஓரியன் நெபுலா வானநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகையளவு தெற்கே இருக்கிறது. பரவை பூமத்திய ரேகைக்குப் பத்துப் பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே நெபுலா உச்சம் அடையும்போது நம் தலைக்கு நேர்மேலிருந்து பதினைந்து பாகையே விலகி, தொடுவானத்திலிருந்து எழுபத்தைந்து பாகை உயரத்தில் நிற்கும். ஜான் ஹெர்ஷலின் இங்கிலாந்தில் அது முப்பத்துமூன்று பாகைக்கு மேல் ஏறாது. ஸ்ட்ரூவே ஈ-யைக் கண்டுபிடித்த டோர்பாட்டிலோ இருபத்தாறு பாகை உயரமே. நேர்மேலே பார்க்கும்போது கடக்கவேண்டிய காற்றின் அளவை ஒன்று என்று கொண்டால், இங்கிலாந்தில் ஒன்றே முக்காலுக்கும் மேற்பட்ட காற்றை ஊடுருவ வேண்டும். டோர்பாட்டில் இரண்டேகாலை ஊடுருவ வேண்டும். பரவையில் ஒன்றுக்கு மேல் நூற்றில் நான்கு பங்குகூடச் சேராது. உறைபனிக் காலத்து வடநாட்டு இரவில், சாய்ந்து வரும் அத்தனை காற்றைத் துளைத்து ஸ்ட்ரூவே கண்ட மீனை, நாம் ஒரு மெல்லிய போர்வை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, அவருக்கு இருந்ததில் பாதிக்கும் குறைந்த காற்றின் வழியாகப் பார்க்கும் பாக்கியம் பெற்றிருக்கிறோம். அவருடைய லென்ஸுக்கும் நம் ஆடிக்கும் உள்ள வித்தியாசத்தை இது பெருமளவு ஈடுசெய்கிறது.

தெற்கே இருப்பதன் பயனை முதலில் அநுபவித்தவர்களுள் ஒருவரும் தமிழ்நாட்டுக் கரையில் இருந்தவரே. 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் ஒரு வால்நக்ஷத்திரத்தை நோக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ரிஷோ, அதன் அருகே தென்பட்ட ஆல்ஃபா செண்டாரியை ஆராய்ந்து, ஒன்றாகத் தெரியும் அந்த மீன் உண்மையில் இரண்டு என்று கண்டார். சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள நக்ஷத்திரக் குடும்பம் இரட்டையானது என்ற செய்தி ஐரோப்பாவின் தொடுவானத்துக்கு மேலேயே வராத அம்மீனைக் குறித்து நம் கடற்கரையிலிருந்து உலகுக்குச் சென்றது. பின்னாளில் பாக்ஸன், தென்னாட்டு மலைகளில் இருபதங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுவ வேண்டும் என்று 1882-இல் யோசனை கூறினார். அதன்மேல் விஞ்ஞானி மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் காற்றைச் சோதித்தார். முடிவில் 1899-இல் கொடைக்கானலில் எழுந்தது சூரியனை ஆராயும் நிலையம். நக்ஷத்திரங்களுக்கென்று தமிழ்நாட்டு மலைகளில் தனி இடம் அமைய, வானநூலார் வைணு பாப்பு 1968-இல் ஜவ்வாது மலையின் காவலூரில் வேலையைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, கொல்லைக்குத் திரும்பி, பெருக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நெபுலாவைக் காண ஐம்பது அறுபது மடங்கு பெருக்கமே போதும். ஆனால் அந்தப் பெருக்கத்தில் ஈ-யும் எஃப்-உம் ஒருபோதும் பிரியமாட்டா. 1,200 மில்லிமீட்டர் குவியதூரமுள்ள கருவியில் 6 மில்லிமீட்டர் ஐபீஸைப் பொருத்தினால் இருநூறு மடங்கு பெருக்கம் கிடைக்கும்; அங்கேதான் காரியம் கைகூடுகிறது. இதில் ஓர் அழகிய நியாயம் இருக்கிறது. நெபுலா பரந்த பொருள். பெருக்கத்தை இரட்டித்தால் அதன் ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி, ஒவ்வோரிடத்திலும் கால்பங்காகக் குறைந்துவிடும். நக்ஷத்திரமோ, காற்று அடங்கியிருக்கும் வரை, ஏறக்குறையப் புள்ளியாகவே நிற்பதால், அதன் பிரகாசம் அவ்வளவு குறைவதில்லை. பெருக்கம் ஏற ஏற நெபுலாவின் வெளிச்சம் பின்வாங்கி, மீன்கள் முன்வந்து நிற்கும். இக்காரணத்தாலேயே, நெபுலாக்களைத் துலக்கிக் காட்டுவதற்கென்று விற்கப்படும் பச்சைநிற ஒளிவடிகட்டியை இங்கே கழற்றிவிட வேண்டும். அது நெபுலாவின் பச்சை ஒளியை முழுமையாக விட்டுவிட்டு, நக்ஷத்திரங்களின் ஒளியையே வெட்டுகிறது.

ஆடித் தொலைநோக்கியில் மற்றொரு சூக்ஷ்மமும் உண்டு. குழாயின் வாயில் சிற்றாடியைத் தாங்கும் நான்கு தகடுகளும், பிரகாசமான ஒவ்வொரு மீனைச் சுற்றியும் நான்கு ஒளிக்கதிர்களை விரிப்பவை. சி-யின் கதிர் ஒன்று சரியாக எஃப்-இன் மேல் விழுந்தால், எவ்வளவு நல்ல காற்றிலும் அது புலப்படாது. குழாயைத் தன் அச்சில் சிறிது திருப்பி வைத்தால் கதிர்கள் இடம் மாறும். மறைந்திருந்த மீன் அப்போது வெளிப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடிகளின் அச்சுகள் ஒன்றோடொன்று பிசகாமல் நேர்ப்பட்டிருப்பதும் இங்கே இன்றியமையாதது. நெபுலாவுக்குப் போதுமான அரைகுறை நேர்த்தி இங்கே உதவாது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கிய பொருளை நேரே நோக்காமல் சற்றே பக்கத்தில் நோக்க வேண்டும் என்ற உபதேசம் நெபுலாவின் சிறகுகளுக்குப் பொருந்தும். விழித்திரையின் மையத்தில் மங்கலொளியை உணரும் கோலணுக்கள் இல்லாததே அதற்குக் காரணம். ஆனால் மையத்துக்கு வெளியே நுட்பத்தைப் பிரித்தறியும் சக்தி குறைவு. நான்கு விகலையைப் பிரிக்கவேண்டிய இடத்தில் நேர்நோக்கே சிறந்தது. சி-யின் மேல் கண்ணை ஊன்றிவிடாமல், எஃப் இருக்கவேண்டிய இடத்தில் ஊன்றி, இமைக்காமல் அல்ல, நிதானமாக, மூச்சை அடக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நெடுநேரம் கலங்கிக்கொண்டிருந்து, திடீரென்று ஓரிரு விநாடி அடங்கும். அப்போது சி-யின் பொங்கல் சுருங்கி, அதன் அண்டையில் கூர்மையான ஒரு சிறு பொறி தோன்றி, மறுகணம் மூழ்கிவிடும். அதைக் கண்டதும் நம்பிவிடக் கூடாது. மீன் எங்கே இருக்கிறது என்று முன்னமே அறிந்த மனம், அங்கே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளவும் வல்லது. ஆகையால் புதியவர்க்கு நான் சொல்வது, படத்தைப் பாராமலே முதலில் நால்வரையும் தாளில் வரைந்து, கூடுதலாகத் தோன்றுவதை அது தோன்றிய இடத்திலேயே குறித்து, பிறகே நூலோடு ஒப்பிட வேண்டும் என்பது. இரு வேறு இரவுகளில் வரைந்த குறிகள் ஒரே இடத்தில் விழுந்தால், அது கண்ட காட்சி.

அப்படிக் கண்டவை எத்தகையவை என்பதையும் அறிந்தால் ஆர்வம் பன்மடங்காகும். நெபுலாவின் நடுப்பகுதி முழுவதற்கும் விளக்கேற்றுவது சி ஒன்றே. மேற்பரப்பில் நாற்பதினாயிரம் பாகையை நெருங்கும் வெப்பமும், சூரியனைப்போல் பல பத்து மடங்கு பொருண்மையும் கொண்ட அந்த நீல நக்ஷத்திரம் பொழியும் புறஊதாக் கதிர்கள், சுற்றியுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. அவை மீண்டும் சேர்கையில் எழும் ஒளியும், மோதலால் தூண்டப்பட்ட அணுக்கள் உமிழும் ஒளியுமே நாம் காணும் நெபுலா. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் முதன்முதலில் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, பூமியில் எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பச்சை வரைகள் தென்பட்டன. நெபுலியம் என்று ஒரு புதிய தனிமத்தையே அதற்காகக் கற்பித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய அந்த மயக்கத்தை 1927-இல் அமெரிக்கரான போவன் தீர்த்தார்: இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனே அந்த ஒளியைத் தருவது; நம் காற்றில் ஒரு கனசென்டிமீட்டருக்குள் கோடிகோடியாக நெருங்கியிருக்கும் மூலக்கூறுகள் ஓயாது மோதிக்கொள்வதால் அவ்வணு அமைதியாக ஒளியுமிழ அவகாசம் பெறுவதில்லை; நெபுலாவிலோ அதே அளவு இடத்தில் சில ஆயிரம் அணுக்களே உலவுவதால் பெறுகிறது. அந்தப் பச்சை வரை, நம் கோலணுக்கள் மிக நன்றாக உணரும் நிறத்துக்கு வெகு அருகில் அமைந்திருப்பதாலேயே நகரத்தின் விளிம்பிலும் நெபுலா நமக்குப் புலனாகிறது.

ஈ-யும் எஃப்-உம் அக்கூட்டத்தின் சிறியவர்கள். ஏ-க்கும் ஈ-க்கும் இடையே, நம் கண்ணுக்கு நாணயத்தின் அகலமாகத் தோன்றும் இடைவெளி, குறைந்தது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் ஆயிரத்து எண்ணூறு மடங்கு. ஒளி அதைக் கடக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். ஈ-யே ஒன்றன்று, இரண்டு. பத்து நாட்களுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஒன்றையொன்று சுற்றும் இளம் இரட்டை என்று அண்மைக் காலத்து நிறமாலை ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இக்கூட்டம் முழுவதற்கும் வயது பத்து லக்ஷம் ஆண்டு சுமார். சூரியனின் வயதோடு ஒப்பிட்டால் இப்போதுதான் பிறந்தவை. தூசியின் உள்ளே, அகச்சிவப்பு ஒளிக்கு மட்டும் புலப்படும்படி, ஆயிரக்கணக்கான இளம் நக்ஷத்திரங்கள் இவற்றைச் சூழ்ந்திருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் வானநூலார் ஓடெல், ஹப்பிள் தொலைநோக்கியால் எடுத்த படங்களில், அவற்றுட் பல, கிரகங்கள் உருவாகக்கூடிய தூசித்தட்டுக்களை அணிந்திருந்தது தெரிந்தது.

இரண்டையும் கண்டு முடித்தவருக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகின் எல்லாக் கருவிகளும் பார்த்துக்கொண்டிருந்த ஏ, 65 நாளுக்கும் சற்று அதிகமான காலத்துக்கு ஒருமுறை, தன்னைச் சுற்றும் துணையால் மறைக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு தரம் மங்குகிறது என்பது 1975-இல்தான் அறிவிக்கப்பட்டது. மங்கல் ஒரு நாளுக்குள் தோன்றி மறைந்துவிடுவதால், அது நிகழும் நேரத்தில் எந்தத் தேசத்தில் இரவோ அந்தத் தேசத்தவர்க்கே காட்சி கிட்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பகலாயிருக்கும் வேளைகளை நிரப்ப நம் நெட்டாங்கில் விழித்திருப்பவர் வேண்டும். வங்காளத்து ஜெஸ்ஸூரில் கருவூல அலுவலகத்தில் வேலைபார்த்த ராதாகோவிந்த சந்திரர், இவ்விதம் ஒளி மாறும் நக்ஷத்திரங்களைத் தம் வீட்டிலிருந்தே நோக்கி 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை, அத்தகைய நக்ஷத்திரங்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அவர் உழைப்பைப் போற்றி அச்சங்கத்தார் 1926-இல் கடனாக அனுப்பிவைத்த ஆறங்குலத் தொலைநோக்கி, பிற்காலத்தில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, காவலூரைச் சேர்ந்தது.

ஏ-யும் டி-யும் சாதாரணமாகச் சமமான ஒளியுடையவை. ஏ, டி-யைவிடத் தெளிவாகக் குறைந்து பி-யின் அளவை நெருங்கக் காணும் இரவில், மணியையும் நிமிஷத்தையும் குறித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை அவற்றை ஒப்பிட்டு எழுதிவர வேண்டும். பி-யும் ஆறரை நாளுக்கு ஒருமுறை தானே மங்கும் இயல்புடையதாகையால், ஒப்பீட்டுக்கு டி-யையே நிலையாகக் கொள்வது நலம்.